அம்மாவின் முழங்காலில் வைத்த நேர்த்தி

பிள்ளைகளே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போனில் அனுப்புவேன். எழுத்துப் பிழை கண்டால் சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுத் தோட்டத்துக்குப் போனவன் நான். வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

மகளே, போன கிழமை நீ லண்டனிலிருந்து போன் எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாய். பேரனின் நெஞ்சுக்குள் இருக்கிற ஓட்டையை அடைக்க நாள் குறித்துவிட்டார்கள் என்று சொன்னாய். டொக்டர்மார் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதாகவும் சொன்னாய். ஆனாலும் உன் குரல் பயந்துதான் இருந்தது. பிறகு என்னைக் கேட்டாய்.

"அப்பா, அண்டைக்குக் கடலிலை எஞ்சின் நிண்ட நேரம் நீங்கள் கடவுளை என்னெண்டு நினைச்சனீங்கள்? எனக்குக் கண்ணை மூடினால் ஒண்டும் வருகுதில்லை. நேர்த்திக்கடன் வைக்கிறதெண்டால் என்னத்தை வைக்கிறது?"

நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா பிள்ளை, இந்தா அம்மாவோடை கதை" என்று சொல்லிப் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவுகிறவன் மாதிரி நின்றேன். அங்கே நிற்கும்போதுதான், நான் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான் என்று பட்டது. கடவுள் விசயம் வந்தால் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நான் எழும்பிப் போய்விடுவது.

கடலில் நடந்ததை நீங்கள் இரண்டு பேரும் என் வாயால் பல தரம் கேட்டிருக்கிறீர்கள். மகனே தம்பி, நீ உன் கொழும்புக் கந்தோரில் கூட வேலை செய்கிற ஆட்களுக்கும் சொன்னதாகச் சொன்னாய். நான் உங்களுக்குச் சொன்ன கதையில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மற்றப் பாதி அம்மாவுக்குத் தெரியும். அவர் உங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

போன வருசம் வைகாசியில் நெடுந்தீவில் என் அக்காவின் புருசன் காலமாகி எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்குப் போயிருந்தேன். படையல் முடிந்து பந்தியில் இருந்து, நான்கு பேரோடு கதைத்து எழும்பிவர, பின்னேரப் படகு போய்விட்டது. அக்கா நின்று போகச் சொன்னார். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்றொழில் செய்கிற பொடியன் ஒருவன், பொடியன் என்றால் நாற்பது வயது இருக்கும், ஐஸ் ஏற்ற குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறேன், வாருங்கள் அண்ணை என்று தன் படகில் ஏற்றினான். கூரை இல்லாத சின்ன பைபர் படகு. வேதக்காரப் பொடியன், கழுத்தில் செபமாலை போட்டிருந்தான்.

அது தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக் காலம். புறப்படும்போதே கடல் நல்லாக இல்லை. பாதி வழி தாண்டியிருப்போம், எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. எஞ்சின் ஓடும்வரைக்கும் அலையை நாங்கள் வெட்டிக்கொண்டு போகிறோம். நின்றதும் படகு தன்பாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டத் தொடங்கியது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்து விழுந்தது. பொடியன் என்னிடம் வெட்டின பிளாஸ்ரிக் கானைத் தந்து, அள்ளி ஊத்துங்கோ என்றான். நான் அள்ளினேன். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லாதது, அந்தப் பொடியன் அடுத்துச் செய்தது. எஞ்சினைத் திறக்கிறதுக்கு முதல் அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சும்மா இருந்தான். மூன்று நான்கு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. தண்ணீர் ஏறுகிறது, இவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்று கோபம் வந்தது. உதுக்கு இப்ப நேரமோ என்று கத்தினேன். அவன் கண்ணைத் திறந்து எஞ்சினின் மூடியைக் கழற்றத் தொடங்கினான்.

அப்போதுதான் இடக்கைப் பக்கம், தூரத்தில், நயினாதீவு அம்மன் கோயில் கோபுரம் அலைக்கு மேலே தெரிந்தது. அடுத்த அலையில் மறைந்தது. பிறகு தெரிந்தது. நான் கையில் கானோடு கும்பிட்டேன். கும்பிட்டது மட்டும் அல்ல, வாய்விட்டுச் சொன்னேன்.

"தாயே, என்னைக் கரை சேத்துவிடு. என்ரை மனுசி உன்ரை வீதியிலை மூண்டு சுத்து அடி அழிப்பா."

என் வாயால் வந்தது அதுதான். நான் தேர் வடம் பிடிப்பேன், நான் காவடி எடுப்பேன், நான் மண்ணில் பிரதட்டை உருளுவேன் என்று வரவில்லை. என் உயிருக்கு விலை பேசினேன், கொடுப்பனவை உங்கள் அம்மாவின் தலையில் கட்டினேன்.

பொடியனுக்கு அது கேட்டுவிட்டது. எஞ்சினுக்குள் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தான். "அண்ணியைக் கேட்டனீங்களோ அண்ணை?" என்றான். அந்த நேரத்திலும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் குனிந்து தண்ணீரை அள்ளினேன்.

எண்ணெய் வருகிற குழாய்க்குள் ஊத்தை அடைத்திருந்தது. அவன் வாயால் உறிஞ்சித் துப்பி, ஊதி, பூட்டினான். எஞ்சின் பிடித்தது. பொழுது படுமுன்னம் குறிகட்டுவானில் நின்றோம். இறங்கும்போது, கண்ணை மூடி என்ன கேட்டனீ என்று அவனைக் கேட்டேன். என் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்தான் அதைக் கேட்டேன். அவன் யோசித்தான். "ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. ஆள் பக்கத்திலை நிக்குதோ எண்டு பாத்தனான். கை நடுங்கிக்கொண்டு நிண்டது, உந்தக் கையோடை எஞ்சினைத் தொட்டால் ஆணியெல்லாம் கடலுக்கை போயிருக்கும்." சொல்லிவிட்டு ஐஸ் லொறி நிற்கிற பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இடுப்பில் இருந்த ஈரச் சாரத்தை மாற்றச் சொல்லி, சுடச்சுடக் கோப்பி தந்தார். கோப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் நேர்த்தியைச் சொன்னேன்.

அடி அழிப்பது என்றால் என்னவென்று மகளுக்குத் தெரியும், மருமகனுக்காக எழுதுகிறேன். ஆண்கள் கோயிலைச் சுற்றியிருக்கிற வீதியில் உருளுகிற மாதிரி, பெண்கள் ஓர் அடி எடுத்து வைத்து, முழங்காலை ஊன்றி, கையும் நெற்றியும் மண்ணில் படக் குனிந்து கும்பிட்டு, எழும்பி, மற்ற அடி வைப்பது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது எத்தனை தரம் முழங்கால் நிலத்தில் படும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு அப்போதே இரண்டு முழங்காலும் வீக்கம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் முழங்காலை மடித்து நிலத்தில் இருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நிலத்தில் குந்தி அரிவாளில் மீன் வெட்டுவதையும் விட்டிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனவன்.

அம்மா என் ஈரச் சாரத்தைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு கேட்டார்.

"எத்தினை சுத்துச் சொன்னனீங்கள்?"

"மூண்டு."

"ஒண்டெண்டு சொல்லியிருக்கலாம்தானே."

அவ்வளவுதான். கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான் பிறகு பல நாள் யோசித்தேன். பயத்தில் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் பயத்தில் வருவது பழகினதுதானே. எங்கள் வீட்டில் எனக்குக் காய்ச்சல் என்றால் சாமிக்குச் சொல்லும் என்று அம்மாவிடம் சொல்வேன். மாடு கன்று போடக் கஷ்டப்பட்டால் அம்மாவிடம் சொல்வேன். உங்கள் பள்ளிக்கூடச் சோதினைக்கு அம்மாதான் விரதம் பிடித்தார். நான் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடாமல் விட்டதே குசினியில் அது சமைக்கவில்லை என்பதால்தான். நீங்கள் சின்னனாக இருந்தபோது, சண்டைக் காலத்தில் எங்கள் தீவை விட்டு ஓடிப்போய் இருந்த இடத்தில் பங்கருக்குள் இருந்தோமே, தம்பிக்கு நினைவிருக்காது. ஷெல் விழ விழ அம்மா உங்கள் இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொண்டு மெல்லத் தேவாரம் சொல்லுவார். நான் பக்கத்தில் இருந்து, கொஞ்சம் பலமாச் சொல்லும், கேக்கேல்லை என்பேன். அந்தப் பாட்டை நான் ஒரு நாளும் சேர்ந்து பாடவில்லை. அம்மாவின் குரலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அது எனக்குப் போதும் என்று நினைத்தேன். கடவுளை நான் நேரே பார்த்துக் கதைத்ததில்லை, பிள்ளைகளே. ஒரு கந்தோருக்குப் போகப் பயந்து மனுசியை அனுப்புகிறவன் மாதிரி இருந்திருக்கிறேன்.

இதுவரைக்கும் சொன்னதை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இனிச் சொல்லப்போவதைத்தான் எழுதக் கை வரவில்லை.

ஆனி மாதம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் கொடியேறப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அம்மாவின் வலது முழங்கால் இன்னும் வீங்கினது. எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் ஐயரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். ஐயா, நான் வைத்த நேர்த்தி இப்படி, மனுசிக்குக் கால் ஏலாது, என்ன செய்யலாம் என்றேன். ஐயர் மாலைக்குப் பூத் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் காணும், உமக்குக் கால் சுகம்தானே? வைச்சவர் நீர். நீர் பிரதட்டை உருண்டு நேர்த்தியை முடியும். அம்மாள் என்ன ஆளை மாத்திப்போட்டான் எண்டு கணக்குப் பாப்பாவோ?"

வழி இவ்வளவு லேசாகக் கிடைத்துவிட்டது. சைக்கிளில் திரும்பி வரும்போது நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. திருவிழாவுக்குக் கனடா, பிரான்ஸ் என்று எங்கள் ஊர்ச் சனமெல்லாம் வந்து நிற்கும். என்னோடு படித்தவர்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் மேலில் சட்டை இல்லாமல், ஈர வேட்டியோடு, இந்த வண்டி வயிற்றை வைத்துக்கொண்டு மண்ணில் உருளுவதோ? எவனாவது போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவான். எனக்குத் தலைசுற்று வரும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு நோய் வருத்தம் எனக்கு இருந்ததே இல்லை.

வீட்டில் அம்மா முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றார். எங்கை போனீங்கள் என்று கேட்டார். சும்மா ஐயரைக் கண்டு கதைச்சனான் என்றேன். என்னவாம் என்று கேட்டார். ஒண்டுமில்லை, கொடியேற்றம் பற்றிக் கதைச்சவர் என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார் என்று இப்போது நினைவு வருகிறது. அப்போது நான் அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தேன்.

அந்த இரவும் அதற்குப் பிறகும் நான் வாய் திறக்க எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசும்போது, நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். நல்ல புருசன் மாதிரி. எண்ணெய்ப் போத்தலை எட்டி எடுத்தும் கொடுத்தேன்.

திருவிழாவில் ஒரு நாள் பார்த்துப் போனோம். குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற சனம் இறங்குதுறையைத் தாண்டி நின்றது. அதனால் நாங்கள் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அம்மா கேணியில் முழுகி, ஈரச் சேலையோடு வந்து கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார். நான் தண்ணீர்ப் போத்தலோடு கூட நடக்க வேண்டியவன். முதல் சுற்றில் பாதி வரைக்கும் நடந்தேன். பெண்களுக்குப் பின்னால் ஓர் ஆம்பிளை நடப்பது வடிவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லி, போத்தலை மதில் ஓரம் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் ஒதுங்கினேன்.

அங்கே என்னோடு படித்த ஒருவன், கனடாவிலிருந்து வந்தவன், என்னைக் கண்டுவிட்டான். என்னடாப்பா, கடலுக்கை போகப் பாத்தனியாம் என்று தோளில் தட்டினான். வேறு இரண்டு மூன்று பேரும் திரும்பினார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதையைச் சொன்னேன். எஞ்சின் இருமினது, தண்ணீர் ஏறினது, கோபுரம் தெரிந்து மறைந்தது. கோபுரம் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்ல எனக்குப் பழகியிருந்தது. கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அம்மனின் அருளைப் பற்றி அந்த இடத்தில் ஒரு பிரசங்கியார் மாதிரிக் கதைத்தேன் என்று இப்போது நினைக்க உடம்பு கூசுகிறது.

"அப்ப நீ என்ன நேத்தி வைச்சனீ?" என்று அவன் கேட்டான்.

நான் தேத்தண்ணிக் குவளை பிடித்த கையாலேயே வீதியைக் காட்டினேன். அங்கை, மனுசி செய்துகொண்டிருக்கிறா என்றேன்.

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "மச்சான், அவ எழும்ப ஏலாமல் இருக்கிறா" என்றான்.

ஓடினேன். நான் போகிறதுக்கு முதலே, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு மனுசி அம்மாவின் கைக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார். இரண்டாவது சுற்று முடிகிற இடம் அது. அம்மாவின் நெற்றியில் மண். முழங்கால் இருக்கிற இடத்தில் சேலை மண்ணும் ஈரமுமாக ஒட்டியிருந்தது. இவ்வளவும் காணும், விடும், மிச்சத்தை நான் உருளுறன் என்றேன். அப்போதாவது சொன்னேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் தள்ளி நில்லுங்கோ, அடி தெரியேல்லை" என்றார். நான் அவர் கும்பிட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்று முழுக்கப் பக்கத்தில் நடந்தேன். வெயிலில் மணல் என் காலையே சுட்டது. அம்மா குனியும்போது ஏதோ சொல்லிக்கொண்டு குனிந்தார். தேவாரம் என்று முதலில் நினைத்தேன். மேற்கு வீதியில் சனம் குறைவு. அங்கேதான் எனக்குக் கேட்டது.

"அந்த மனிசன் பயத்திலை சொன்னது தாயே. குறை நினையாதை. அந்த மனிசன் பயத்திலை சொன்னது."

ஒவ்வோர் அடிக்கும் அதைத்தான் சொன்னார். தன் முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

திரும்பும் படகில் அம்மாவுக்கு ஒரு பொடிச்சி இடம் விட்டு எழும்பினாள். நான் நின்றேன். குறிகட்டுவானில் இறங்கி பஸ் வரும்வரை சீமெந்துக் கட்டின் மேல் இருந்தபோது, எனக்குப் பொறுக்கவில்லை. இஞ்சரும், உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும் என்று தொடங்கினேன். ஐயரின் பெயரை எடுக்கிறதுக்குள் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயர் எனக்கும் சொன்னவர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேக்கை அவராத்தான் கேட்டவர், மனிசன் உருளப் போறாரோ எண்டு."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "எண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தரேக்கை சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் மோசமானது என்று அம்மா உங்களுக்குச் சொன்னது, பிள்ளைகளே, எனக்காகச் சொன்னது. இப்போது அவர் சாமி அறையில் நிலத்தில் இருப்பதில்லை. கதிரை போட்டு இருக்கிறார். எழும்பும்போது கதிரை கிறீச்சிடும். நான் விறாந்தையில் இருந்தால் அந்தச் சத்தம் கேட்கும். கேட்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த மேற்கு வீதி வரும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டேன். உதை விடுங்கோ, நீங்கள் உயிரோடை வந்ததே எனக்குக் காணும் என்றார். அது மன்னித்ததுதானா, களைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

மகளே, நீ கேட்டதற்கு வருகிறேன். கடலில் நின்றபோது நான் கடவுளை நினைக்கவே இல்லை. என்னைத்தான் நினைத்தேன். கோபுரத்தைக் கண்டதும் கடைக்காரனைக் கண்டவன் மாதிரி பேரம் பேசினேன். பிறகு வாங்கின சாமானைத் தூக்க அம்மாவை விட்டேன். நினைத்தவன் அந்த வேதக்காரப் பொடியன். அவன் இருந்த அந்த மூன்று நான்கு மூச்சு நேரத்தை நான் கத்திக் கெடுத்தேன். அவன் சொன்ன மாதிரி, ஆள் பக்கத்தில் நிற்குதோ என்று பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பயம் வந்தால் வாய்தான் முந்தும் எனக்கு.

உனக்குக் கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை என்றாய். அதற்காகப் பயப்படாதே பிள்ளை. எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. ஒன்றும் வராமல் கொஞ்ச நேரம் இரு. நேர்த்தி வைக்கத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், உன்னால் ஏலக்கூடியதை உன் பெயரில் வை. பேரன் பெரியவனாகிச் செய்வான் என்று அவன் தலையில் வைக்காதே. மருமகன் செய்வார் என்றும் வைக்காதே. அம்மா இங்கே செய்வா என்று மட்டும் வைத்துவிடாதே. நீ வைத்தால் அவர் செய்வார். அதுதான் எனக்குப் பயம்.

தம்பி, நீ கொழும்பில் இந்தக் கதையை ஆருக்கும் இனிச் சொல்வதென்றால் முழுக்கச் சொல்லு. கோபுரத்தோடு நிறுத்தாதே.

இவ்வளவையும் நேற்று மத்தியானம் வரைக்கும் எழுதினேன். அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எனக்கு வீட்டுக்குள் இருக்க ஏலவில்லை. சேட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போனேன். பூசை முடிந்து கதவு பூட்டியிருந்தது. ஐயரும் வீட்டுக்குப் போய்விட்டார். வீதியில் ஓர் ஆடு மட்டும் மதில் நிழலில் படுத்திருந்தது. பேரனுக்காகக் கும்பிடத்தான் போனேன். கேட்க வாய் எடுத்தேன், பிறகு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஆள் பக்கத்தில் நின்றாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. காற்று பனைகளில் அடிக்கிற சத்தம் கேட்டது.

பின் வீதிக்குப் போனேன். ஒருவரும் இல்லை என்று சுற்றிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கும் வெட்கப்பட்டேன். ஓர் அடி எடுத்து வைத்து, பெண்கள் செய்கிற மாதிரி முழங்காலை மண்ணில் ஊன்றினேன். சேட்டோடுதான். மணலுக்குள் கிடந்த ஏதோ ஒரு சின்னக் கல் முழங்கால் சிரட்டைக்குக் கீழே குத்தியது. கையை ஊன்றினேன், நெற்றியை மண்ணில் வைத்தேன். மண் சுட்டது. எழும்பப் பார்த்தபோது முதல் தரம் ஏலவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, ஒரு பக்கமாகச் சரிந்துதான் எழும்பினேன்.

மற்ற அடி வைக்கவில்லை. நெற்றி மண்ணைத் தட்டாமல் வீட்டுக்கு நடந்தேன்.